கான்கூன் கிளம்பும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்குக் குழுவாக மெக்சிகோவின் கடற்கரை நகரமான கான்கூன் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு, குறிப்பாக அந்தக் குழுக்களுக்குத் திட்டம் போட்டுத் தரும் அண்ணன், அக்காமாருக்கு,

வணக்கம். உங்கள் திட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும். ரிசார்ட், கடற்கரை, பஃபே, நடுவில் ஒரு நாள் சிசென் இட்சா என்ற பழைய மாயர் நகரத்துக்கு ஏசி பஸ். அந்த பஸ் நாளைத்தான் கேட்கிறேன். அதைக் காட்டுக்குள் இருக்கும் இன்னொரு பழைய மாயர் நகரமான கோபாவுக்குக் கொடுங்கள், சைக்கிளில்.

நாங்கள் போன பஸ்ஸில் வழிகாட்டி மைக்கை விடவே இல்லை. மாயர்கள் திடீரென்று மறைந்துபோன மர்ம இனமாம். சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் பார்த்தால், எங்கள் டிரைவரும் தோசைக்கல் போன்ற தட்டில் சோள ரொட்டி புரட்டிக்கொண்டிருந்த அம்மாவும் மாயா மொழியில் கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள்! 2020 கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் இந்தப் பகுதியின் மாயா மொழியான யுகாத்தேக் மாயா பேசுவோர் 7 லட்சத்துக்கும் மேல். தெற்கே பல நகரங்கள் 9ஆம் நூற்றாண்டு வாக்கில் கைவிடப்பட்டது உண்மைதான். மக்கள் எங்கும் போய்விடவில்லை.

கோபாவின் கட்டடங்கள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. நுழைவாயிலிலிருந்து நொஹோச் முல் பிரமிடுக்கு ஏறக்குறைய 2 கி.மீ. உள்ளேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். இந்த யுகாத்தான் தீபகற்பம் பெரும்பாலும் தட்டை நிலம் என்பதால் மேடேறி மூச்சு வாங்க வேண்டியதில்லை, மரநிழலும் உண்டு. கோபாவிலிருந்து யாஷுனா என்ற இன்னொரு மாயர் ஊர் வரை சுமார் 100 கி.மீ. நீளத்துக்கு அந்தக் காலத்தில் ஒரு சாலை போட்டிருக்கிறார்கள். கல்லை நிரப்பி மேடாக்கி, மேலே வெள்ளைச் சுண்ணாம்புக் காரை பூசியது. அவர்களிடம் வண்டி கிடையாது, இழுக்க மாடோ குதிரையோ கிடையாது. வெறும் நடைக்காகவா இப்படி ஒரு சாலை என்று மலைப்பாக இருக்கும்.

அப்புறம் பக்கத்தில் மாயா மக்கள் வாழும் ஊருக்குள் போங்கள். முன்பதிவு செய்யும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: வழிகாட்டி எந்த ஊர், வீட்டில் மாயா பேசுவாரா? ஆம் என்றால் கூடுதல் காசு கேட்டாலும் கொடுக்கலாம். சோளமும் பீன்ஸும் பூசணியும் ஒன்றாக வளரும் மில்பா வயலை அவர் காட்டுவது வேறு மாதிரி இருக்கும், அது அவருடைய மாமாவின் வயலாகக்கூட இருக்கலாம். கொட்டாத மெலிபோனா தேனீயைக் கட்டாயம் பாருங்கள். நம்மூர்க் கொசுத்தேனீக்கு உறவு, அளவில் பெரியது. குடைந்த மரக்கட்டையின் இரண்டு முனையையும் அடைத்து வளர்க்கிறார்கள். நடுவில் சின்ன ஓட்டை, அதில் ஒரே ஒரு தேனீ தலையை நீட்டிக் காவல் இருக்கும். பஸ் ஜன்னலிலிருந்து இது தெரியாது.

செனோத்தே என்ற இயற்கைக் கிணற்றுக் குளத்தில் குளிப்பதற்கு முன் சன்ஸ்கிரீன், கொசு மருந்து எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள். அந்தப் பக்கம் நிலத்தின் மேல் ஆறே அபூர்வம். மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி அடியில் ஓடுகிறது, கூரை இடிந்த இடம்தான் செனோத்தே. ஊர் குடிப்பதும் அதே நிலத்தடி நீர். வெயிலுக்கு முழுக்கைச் சட்டை போதும்.

"ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், சைக்கிளா?" என்று கேட்பீர்கள். சரி, கோபாவில் ஓட்டுநர் மிதித்து ஓட்டிப் போகும் மூன்று சக்கர வண்டி இருக்கிறது, முன்னால் உட்கார்ந்து வரலாம். குழந்தைகளுக்குச் சின்ன சைக்கிள் இருக்குமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுங்கள், கிராமத்தில் கொடுக்கக் கையில் பெசோவாகச் சில்லறை வைத்திருங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே கான்கூனில் பஸ் பதிவு செய்த ஒருவர்