செய்தித்தாளில் மஹ்தியைத் தேடும் பேச்சாளர்களுக்கு

கியாமத் (உலக முடிவு நாள்) அடையாளங்கள் பற்றி வாராவாரம் காணொளி போடும் ஹஜ்ரத்மார்களுக்கும் மற்ற பேச்சாளர்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கடைசிக் காலத்தில் வழிகாட்டியாக இமாம் மஹ்தி வருவதையோ, ஈஸா (அலை) இறங்கி வந்து அந்தக் காலத்துப் பெரும் ஏமாற்றுக்காரனான தஜ்ஜாலைக் கொல்வதையோ மறுத்து இதை எழுதவில்லை. எனக்கும் அந்த நம்பிக்கைதான். அதை அன்றன்றைய செய்தியோடு நீங்கள் முடிச்சுப் போடுகிற விதம்தான் தாங்க முடியவில்லை. 2022 செப்டம்பரில் டெக்சாஸிலிருந்து, யூதர்களின் ஆலயச் சடங்குக்கு வேண்டியவை என்று சொல்லப்படும் ஐந்து சிவப்புக் கிடாரிகள் இஸ்ரேலுக்கு விமானத்தில் வந்து இறங்கின. உடனே ஒரு மாட்டுப் படம், பக்கத்தில் ஜெருசலேமின் பைத்துல் முகத்தஸ், மேலே தஜ்ஜாலின் ஒற்றைக் கண், கீழே சிவப்பு எழுத்தில் 'நாள் நெருங்கிவிட்டது'. மாடு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன, காணொளி மட்டும் அப்படியே கிடக்கிறது.

அதற்கு முன்னால் 2020. ரமலான் 15 வெள்ளிக்கிழமையில் வந்தால் வானத்திலிருந்து பெரும் சத்தம் வரும், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஹதீஸ் கலை தெரிந்தவர்கள் அது இட்டுக்கட்டப்பட்டது என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஆனால் ஊரடங்கில் ஏற்கெனவே பயந்து கிடந்த வயதானவர்களுக்கு அதை யார் போய்ச் சொல்வது? உங்களில் சிலர் அதையே தலைப்பாக்கிப் பேசினீர்கள்.

ஒரு நாளைப் பற்றி நீங்கள் அதிகம் பேசிக் கேட்டதில்லை. ஹிஜ்ரி 1400, முஹர்ரம் 1, அதாவது 1979 நவம்பர் 20. மக்காவில் கஅபா இருக்கும் ஹரமில் ஃபஜ்ர் தொழுகை நேரம். ஜனாஸாப் பெட்டிகளில் துப்பாக்கிகளை மறைத்துக் கொண்டுவந்தவர்கள் வாசல்களை அடைத்து, ஒலிபெருக்கியைக் கைப்பற்றி, இதோ மஹ்தி வந்துவிட்டார் என்று அறிவித்தார்கள். தலைவர் ஜுஹைமான் அல்உதைபி. மஹ்தி என்று நிறுத்தப்பட்டவர் அவருடைய மைத்துனர் முஹம்மது இப்னு அப்துல்லாஹ் அல்கஹ்தானி. அடையாளங்கள் எல்லாம் பொருந்தின என்பதுதான் கொடுமை: நபி (ஸல்) பெயரும் அவர்கள் தந்தையின் பெயரும் சரி, கஅபாவின் பக்கத்தில் பைஅத் (விசுவாச உறுதிமொழி), நூற்றாண்டின் முதல் நாள், போதாததற்குப் பலருக்கும் கனவுகள் வேறு. மதீனாவில் மார்க்கம் படித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், ஆகவே விவரம் தெரியாதவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்லி நழுவ முடியாது. கஹ்தானி சில நாட்களிலேயே கொல்லப்பட்டார். அல்லாஹ்வின் வீட்டுக்குள் இரண்டு வாரம் துப்பாக்கிச் சத்தம், நூற்றுக்கணக்கில் சாவு. 1980 ஜனவரியில் 63 பேருக்குத் தலை வெட்டி மரண தண்டனை.

தாபிக் கதை இன்னும் சமீபத்தியது. ஹதீஸில் பெயர் வருகிறது என்பதற்காகவே அந்தச் சிரிய ஊரைப் பிடித்து, பத்திரிகைக்கும் அதே பெயரை வைத்து, கடைசிப் போர் இங்கேதான் என்று ஊர் உலகத்து இளைஞர்களை அழைத்தது ஐஎஸ் தீவிரவாத இயக்கம். 2016 அக்டோபரில் பெரிய சண்டைகூட இல்லாமல் ஊரை விட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம் யூதர்கள். 'அவர்கள் மஸீஹ் (வரப்போகும் மீட்பர்) என்று காத்திருப்பது தஜ்ஜாலுக்குத்தான், அவர்கள் புத்தகத்திலேயே இருக்கிறது' என்று அடித்துச் சொல்கிறீர்கள். இஸ்ஃபஹான் யூதர்கள் எழுபதாயிரம் பேர் தஜ்ஜாலின் பின்னால் போவார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் நூலில் வரும் ஹதீஸ் எனக்கும் தெரியும், அது நம் நூல். அவர்கள் புத்தகம் என்று சொன்னால் அவர்கள் புத்தகத்தைத்தானே திறக்க வேண்டும்? ஸலாஹுத்தீன் அய்யூபியின் அரசவையில் மருத்துவராக இருந்த யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன் தன் சட்ட நூலின் கடைசியில் எழுதியிருக்கிறார்: வருபவர் தாவூதின் வம்சத்தில் பிறந்த மனிதர், அற்புதம் எதுவும் காட்ட வேண்டியதில்லை, உலகம் அதன் வழக்கப்படியே ஓடும், வேதத்தைப் படிக்க நிம்மதி கிடைக்கும். காரியம் முடிக்காமல் கொல்லப்பட்டால் அவர் மஸீஹ் இல்லை. இதைச் சொன்னவருக்கு முன்னால் பாடம் இருந்தது. அகீவா மாதிரிப் பெரிய யூத அறிஞரே, ரோமருக்கு எதிராகக் கிளர்ந்த பார் கோக்பாவை மஸீஹ் என்று நம்பினார், அந்தக் கிளர்ச்சியை 135-இல் ரோமர்கள் நசுக்கிப் போட்டார்கள்.

அவர்களுக்கும் வலித்திருக்கிறது, நிறையவே. 1665-இல் காஸாவைச் சேர்ந்த நாத்தான் என்பவர், இஸ்மிர் ஊர்க்காரர் ஷப்தாய் ஸ்வியை மஸீஹ் என்று அறிவித்தார். ஐரோப்பா முதல் யமன் வரை யூதர்கள் கிறுகிறுத்துப்போய், பலர் வியாபாரத்தை விட்டுப் புனித பூமிக்குக் கிளம்பத் தயாரானார்கள். அடுத்த வருஷம் உஸ்மானிய சுல்தான் முன்னால் நிறுத்தியபோது அந்த 'மஸீஹ்' தலைப்பாகை கட்டிக்கொண்டு முஸ்லிமாகிவிட்டார்! முடிவு நாளைக் கணக்குப் போடுகிறவர்களின் எலும்பு உளுத்துப்போகட்டும் என்று யூதர்களின் மார்க்க நூலான தல்மூதிலேயே ஒரு சாபம் உண்டு. நம் மேடைகளுக்கும் அது பொருந்தும் போலிருக்கிறது.

ஆபத்தான கூட்டம் அங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. பைத்துல் முகத்தஸ் வளாகத்திலுள்ள குப்பத்துஸ் ஸக்ராவைக் குண்டு வைத்துத் தகர்க்கத் திட்டமிட்ட யூதத் தீவிரவாதிகள் 1984-இல் பிடிபட்டார்கள், பிடித்ததும் இஸ்ரேலின் உளவுத்துறைதான். அந்த வளாகத்துக்குள் யூதர்கள் காலடி வைப்பதே பாவம் என்று அவர்களுடைய தலைமை ரப்பிகள் போட்ட தடைப் பலகையும் அதன் வாசலில்தான் நிற்கிறது. முதலாவதைச் சொல்கிற நீங்கள் இரண்டாவதை ஏன் விழுங்குகிறீர்கள்?

மறுமை எப்போது என்று ஜிப்ரீல் (அலை) கேட்டபோது, கேட்பவரைவிடக் கேட்கப்படுபவருக்கு அதிகம் தெரியாது என்றார்கள் நபி (ஸல்). நீங்கள் பாடம் நடத்துகிற ஹதீஸ்தான் இது. அதனால் கேட்பது மூன்றே விஷயம். வருஷம் சொல்லி, நாள் சொல்லிப் பொய்த்துப்போன காணொளிகளை நீக்குங்கள். நீக்கினேன், சொன்னது தவறு என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். அடுத்த முஹர்ரம் முதல் ஜும்ஆவில் ஹிஜ்ரி 1400-இல் ஹரமில் நடந்ததை முழுசாக ஒரு பயான் செய்யுங்கள், அந்த மைத்துனர் பெயர் உட்பட.

வஸ்ஸலாம்,
உங்கள் பயான்களைத் தவறாமல் கேட்கும் ஒருவன்