பாட்டியின் குங்குமம் கறுப்பு இல்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பழைய பம்பாயின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களுக்கு நீங்கள் மென்பொருளில் வண்ணம் ஏற்றிப் போடுவதை ஒன்று விடாமல் பார்த்து வருகிறேன். தாதர் டி.டி. (டிராம் டெர்மினஸ்) டிராம் படத்தை எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்கு அனுப்பினேன். இங்கே கடைசி டிராம் ஓடியது 1964 மார்ச் 31-ல். தாதர் வழியாகவே தினமும் காலேஜுக்குப் போகும் பிள்ளைகள், அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் நம்ம ரோட்டில் டிராமா என்று வந்து கேட்டார்கள். கறுப்பு வெள்ளையாக இருந்திருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். இந்த வேலை எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுவதால்தான் இதை எழுதுகிறேன்.

பரேல் மில் வாசல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வானம் பளிச்சென்று நீலம். ஆனால் கீழே ஆட்கள் குடை பிடித்திருக்கிறார்கள், வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், ரோடு பளபளக்கிறது. ஆடி மாசத்து மழையில், மில் புகைபோக்கிகளுக்கு மேலே, பரேலில் ஏது நீல வானம்? அந்தக் காலத்துக் கேமராக்களில் ஃபிலிமுக்குப் பதில் போட்ட கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்குத்தான் அதிகம் மசியும். அதனால் தெளிந்த வானமோ மூடிய வானமோ, எல்லாம் வெள்ளையாகவே பதிந்துவிடும். மேலே வெள்ளையாக இருப்பதைக் கண்டால் மென்பொருள் நீலத்தைப் பூசிவிடுகிறது. குடையைப் பார்க்க வேண்டியது நாம்தான்.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் படத்திலும் கல் முழுக்க ஒரே சாம்பலாக வந்திருக்கிறது. குர்லாவின் சாம்பல் கல்லும் மலாடின் வெளிர்மஞ்சள் கல்லும் கலந்து கட்டிய கட்டடம் அது. அங்கேயேதான் நிற்கிறது, ஒருநாள் போய்ப் பார்த்துத் திருத்திவிடலாம்.

திருத்த முடியாமல் போவது மனிதர்கள் விஷயத்தில்தான். எங்கள் பாட்டி கிங்ஸ் சர்க்கிள் பூங்காவில் நிற்கும் ஒரு படம் வீட்டில் இருக்கிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் எடுத்தது. அதில் அவர் கட்டியிருக்கும் சேலை இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. அரக்குச் சேலை, மாம்பழ மஞ்சளில் கரை. படத்திலோ சேலை கன்னங்கறுப்பு. நெற்றியில் காலணா அகலத்துக்கு வைத்திருந்த குங்குமமும் கறுப்பு. போனில் ஒரு செயலியில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். சேலை காவியும் சாம்பலும் கலந்த ஒரு மங்கலாக வந்தது. முகம் மட்டும் சிவந்துவிட்டது. குங்குமம் கறுப்பாகவே நின்றது. நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்த யாரோ ஒரு அம்மாள். எங்கள் பாட்டி இல்லை.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். அன்றைக்கு வீட்டுக் கேமராக்களில் பலரும் போட்ட கோடக் வெரிக்ரோம் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பையும் உணரும் வெரிக்ரோம் பான் வந்ததே 1956-ல்தான். ஆக அரக்கு, குங்குமம், வெற்றிலை போட்ட வாய் எல்லாம் இருட்டாகப் பதிந்தன. நம் மாநிறமும் இருப்பதைவிடக் கறுத்தே விழுந்தது. இப்போதைய மென்பொருள்களில் பலவும், 2016-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையைப் போல, படத்தின் வெளிச்ச அளவை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் ஊகித்து மேலே ஏற்றுகின்றன. கறுத்துப்போன இடத்தில் என்ன சிவப்பை ஏற்றினாலும் அது கறுப்பாகத்தான் தெரியும். நீங்கள் கையால் அந்த இடத்தை வெளுக்க வைத்தால்தான் குங்குமம் குங்குமமாக வரும்.

நிறம் பிடிபடாத இடத்தில் மென்பொருள் எதற்கும் வம்பில்லாத ஒரு பழுப்பில் போய் நின்றுகொள்கிறது. உங்கள் மாட்டுங்கா மார்க்கெட் படத்தில் மடிசார் மாமி, நவ்வாரி (ஒன்பது கஜச் சேலை) கட்டிய மராட்டிப் பெண், வலது தோளில் முந்தானை போட்ட குஜராத்திப் பெண், மூன்று பேரும் ஒரே பழுப்பில் நிற்கிறார்கள். கட்டு வேறு, கரை வேறு என்று கண்ணுக்குத் தெரிகிறது, நிறம் மட்டும் ஒன்று. இந்த மென்பொருள்கள் கற்றுக்கொண்ட லட்சக்கணக்கான படங்களில் பெரும்பகுதி அமெரிக்காவும் ஐரோப்பாவும்தான். கண்டாங்கியை அதற்கு யார் காட்டினார்கள்?

முன்பு ஸ்டூடியோக்களில் கையால் வண்ணம் தீட்டியவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. படத்தில் இருப்பவரே எதிரில் இருந்தார், சேலை என்ன நிறம் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். உங்களுக்கும் கேட்க ஆள் இருக்கிறது, தம்பி. மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் எண்பதைத் தாண்டியவர்கள் நினைவோடு இருக்கிறார்கள். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள். வண்ணம் ஏற்றியதைக் காட்டினால், "ஆமாமா, இப்படித்தான் இருந்தது" என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் அவர்களுக்கே பழைய நிறம் ஞாபகத்துக்கு வராது. இதை என் அம்மாவிடமே பார்த்தேன். செயலி கொடுத்த அந்த மங்கல் சேலையைப் பார்த்துத் தலையாட்டினார். பீரோவைத் திறந்து சேலையைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

இன்னொன்று. வண்ணப் படத்தோடு மூலப்படத்தையும் சேர்த்தே போடுங்கள். எது கேட்டுப் போட்ட நிறம், எது ஊகம் என்று அடியில் இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் படம் வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறுவதற்குள் அதுதான் அசல் என்று ஆகிவிடுகிறது. அதனால் அந்த இரண்டு வரியைப் படத்தின் ஓரத்திலேயே பதித்துவிடுவது நல்லது.

எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு மாமி இருக்கிறார். டிராமில் பள்ளிக்கூடம் போனவர். உங்களைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். மத்தியானம் தூங்கி எழுந்து காபி குடித்த பிறகு, நாலு மணிக்கு மேல் போனால் நன்றாகப் பேசுவார். படங்களைப் பெரிய சைஸில் பிரிண்ட் போட்டுக் கொண்டு வாருங்கள், போனில் காட்டினால் அவருக்குக் கண் தெரியாது. எந்த ஞாயிற்றுக்கிழமை தோதுப்படும் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
மாட்டுங்காவிலிருந்து ஒரு அக்கா