பெரியப்பா கேட்ட கேள்வி

வடுவூர்
கார்த்திகை, ஞாயிறு இரவு

அன்புள்ள விஜி,

எட்டு மாசமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. முட்டி ஆபரேஷன் முடிந்ததென்று தெரிந்தும் போன் பண்ணாதது என் தப்புதான். இப்போது மாடிப்படி ஏறுகிறாயா? ஏறினால் சொல், சைக்கிள் கடை மாமா பந்தயப் பணத்தை எடுத்து வைக்கட்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

எழுத வைத்தது பெரியப்பா. போன வாரம் நாலு நாள் விடாத மழை. சம்பா நட்டு நாற்பது நாள்கூட ஆகவில்லை, வயலில் முழங்கால் தண்ணீர். வடிகாலை வெட்டிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், பொழுது போகாமல் என் கையில் இருந்ததை எட்டிப் பார்த்தார். ஜப்பான்காரர் கெய்ஜி நகசாவா வரைந்த படக்கதை, 'வெறுங்கால் கென்'. 1973-ல் தொடராக வரத் தொடங்கியது, ஆங்கிலத்தில் பத்துப் பாகம். உன் கையிலும் திணித்தேனே, இரண்டாம் பாகத்தோடு நிறுத்திவிட்டு முடித்துவிட்டதாகச் சொன்னாயே, அதுதான்.

ஆரம்பத்திலேயே அப்பா பிள்ளைகளிடம் கோதுமையைக் காட்டிச் சொல்வார்: மிதிபட்டாலும் வேரூன்றி நிமிர்கிற இந்தப் பயிர் மாதிரி இருங்கள் என்று. அதைப் பற்றி நான் பத்திரிகையில் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். இரண்டு தடவையும் 'குறியீடு' என்று எழுதி அடுத்த பத்திக்குப் போயிருக்கிறேன். பெரியப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தபோது அந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "பயிரை எதுக்கு மிதிக்கணும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துவிட்டு, "மேல போகாம தடுத்தா தூர் வெடிக்கும். முத்தின நாத்தை நுனி கிள்ளி நடறோமில்ல? அதுக்காத்தான் இருக்கும்" என்றார்.

அன்று ராத்திரி தேடிப் பார்த்தேன், விஜி. ஜப்பானில் அதற்கு 'முகிஃபுமி' என்று தனிப்பெயரே இருக்கிறது. குளிர்காலத்தில் உறைபனி மண்ணைப் பொங்க வைத்து வேரைத் தூக்கிவிடும். மிதித்தால் வேர் மண்ணில் அமரும், அடியிலிருந்து கிளை வெடித்துத் தூரும் கட்டும். பெரியப்பா பனியையே பார்த்ததில்லை, ஆனால் பாதியைத் திண்ணையிலிருந்தே சொல்லிவிட்டார். ஒரு வேலை என்னவென்று தெரியாமலே அதைக் குறியீடு என்று எழுதிவிட்டேன். அந்தக் குடும்பம் பசியில் இருக்கிறது, அந்தக் கோதுமைதான் அவர்கள் நாளைக்குச் சாப்பிடப்போவது. மறுநாள் காலையில் பெரியப்பா முதலில் கேட்டதும் "அறுத்தாங்களா?" என்றுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். அண்ணன் மகள் பாப்பாவும் தூணோடு சாய்ந்து நாலு நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. முதல் பாகத்தின் கடைசியில், ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 வருகிறது. வீடு சரிந்து அப்பாவும் அக்காவும் தம்பியும் அடியில் மாட்டிக்கொள்ள, நெருப்பு நெருங்கும். நகசாவாவின் சொந்த வீட்டில் நடந்ததுதான். அன்று அவருக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்துச் சுவர் மறைத்ததால் பிழைத்தார். அந்தப் பக்கம் வருகிறதென்று எனக்குத் தெரியும். ஆனால் பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாப்பா எட்டிப் பார்த்ததைக் கவனிக்கவில்லை. அவள் அழவில்லை. ராத்திரி படுக்கும்போது உத்திரத்தைக் காட்டி, "இது விழுந்தா தாத்தாவால தூக்க முடியுமா?" என்று கேட்டாள். அன்றைக்கும் மறுநாளும் திண்ணையில் தாத்தா பக்கத்தில்தான் படுத்தாள். அண்ணி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஜப்பானில் மட்சுவே நகரத்துப் பள்ளி நூலகங்களில் இந்தப் புத்தகத்தை 2012 கடைசியில் உள்ளே வைத்துப் பூட்டினார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் 2013 ஆகஸ்ட்டில் திருப்பி வெளியே எடுத்தார்கள். அதைப் பற்றி நான் கோபமாக எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கும். எல்லா வயதினரும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று முடித்திருந்தேன். பூட்டியது தப்பு என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அதை எழுதுவதற்கு முன் ஒரு ஒன்பது வயதுக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. எத்தனை வீட்டில் அந்த வரியை நம்பி வாங்கிக் கொடுத்திருப்பார்கள்? இதுதான் ஒரு வாரமாக மனசைப் பிசைகிறது. அடுத்த இதழில் திருத்தி எழுதப்போகிறேன்: எந்த வயசுக்கு, எந்தப் பக்கம் வரை, பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று. பத்திரிகை ஆசிரியர் கொரிய வெப்டூன் பத்தைப் பரிந்துரைக்கக் கேட்டிருக்கிறார், போனில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிறோமே அந்தப் படக்கதைகள்தான். அவற்றில் நல்லவை இருக்கின்றன. ஆனால் பத்தும் யாருக்கு என்று தெரியாமல் என்னால் பட்டியல் போட முடியாது. ஒன்றே ஒன்று தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அது வெப்டூன்கூட இல்லை, அச்சுப் புத்தகம். கும் சுக் ஜென்ட்ரி கிம் வரைந்த 'புல்'. ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமையாக்கிய லீ ஓக் சன் பாட்டியின் கதை. சீனாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர் 2000-ல்தான் கொரியாவுக்குத் திரும்பினார். கொடுமை நடக்கும் இடத்தில் கட்டங்கள் கருப்பாகிவிடுகின்றன. மற்றபடி தூரிகை மையில் மரமும் காற்றும் புல்லும். பாட்டியின் எதிரே உட்கார்ந்து கேட்கிற ஓவியரும் புத்தகத்துக்குள்ளேயே வருகிறார், எந்த இடத்தில் கேள்வியை நிறுத்துவது என்று தெரியாமல்.

இதைப் பாப்பாவுக்குக் கொடுக்க மாட்டேன். பெரியப்பாவுக்கும் நான் வாசித்துச் சொல்ல முடியாது. உனக்குத்தான் அனுப்புகிறேன், உன் அத்தை ஒன்றும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாளே, அதற்காக. முட்டி வலி இல்லாத ஒரு நாளில் எடு. இரண்டாம் பாகத்துச் சமாச்சாரம் மாதிரி செய்யாதே, பாதியில் வைத்தால் வைத்தேன் என்று எழுது.

பாப்பாவுக்கு இப்போது 'சில்வர் ஸ்பூன்' கொடுத்திருக்கிறேன். ஜப்பானின் ஹொக்கைடோவில் மாட்டுப்பண்ணையில் வளர்ந்த ஹிரோமு அரகாவா வரைந்தது, விவசாயப் பள்ளிக்கூடத்துக் கதை. இந்தத் தடவை முழுதாக இன்னொரு முறை படித்துவிட்டு, பன்றிக்குட்டி வருகிற பாகங்களை மட்டும் என்னோடு உட்கார்ந்து படிக்க எடுத்து வைத்தேன். வலமிருந்து இடமாகப் படிப்பது அவளுக்கு ஒரே பக்கத்தில் பிடிபட்டுவிட்டது. முட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்த்த டவுன் பையன் அதைத் தின்ன மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிற இடத்தை, தாத்தாவுக்கு இரண்டு தடவை காட்டிவிட்டாள்.

தண்ணீர் வடிந்துவிட்டது. பள்ளத்து வயல் மட்டும் கொஞ்சம் மஞ்சளித்திருக்கிறது. பொங்கலுக்கு வா. நீ கேட்ட கிச்சிலி சம்பா பெரியப்பா எடுத்து வைத்திருக்கிறார்.

உன்
செல்வி