சூறாவளி மாதங்களில் சம்பாதி: படகு பழுது பார்க்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஃபிஜியில் வுண்டா மரீனா என்ற படகுத்துறையில் படகைக் கட்டிவிட்டு, பக்கத்துப் படகுக்காரர்களுக்குப் பழுது பார்த்துக் கொடுத்து அடுத்த பயணத்துக்குக் காசு சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் ஃபிஜியில் வேண்டாம். விருந்தாளி அனுமதியில் இறங்கியவள் நீ. அங்கே கூலிக்குக் கை நீட்டினால் உள்ளூர்த் தொழிலாளியின் பிழைப்பில் கை வைத்ததாகத்தான் ஆகும். காசுக்குப் பதில் டீசலும் அரிசியும் வாங்கிக்கொண்டாலும் பல நாடுகளில் சட்டம் அதையும் வேலை என்றே பார்க்கும். பக்கத்துப் படகில் ஆபத்து என்றால் ஓடிப்போய் உதவு, அதோடு நிறுத்திக்கொள்.

சம்பாதிக்க ஆஸ்திரேலியாவுக்குப் போ. மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கும் 18 முதல் 30 வயது வரையானவர்களுக்கு 462 என்ற வேலை-விடுமுறை விசா இருக்கிறது. பட்டப்படிப்பு கேட்பார்கள், உன்னிடம் இருக்கிறது. முதல் விசாவுக்கு அந்த நாட்டுக்கு வெளியே இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே ஃபிஜியை விட்டுப் புறப்படும் முன் அது கையில் இருக்கட்டும். ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. உனக்கு அது இடைஞ்சல் இல்லை. தென் பசிபிக்கில் சூறாவளிக் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, அதுவும் 6 மாதம்தான். அக்டோபரில் ஃபிஜியிலிருந்து கிளம்பி நியூ கலிடோனியா வழியாக ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் துறைமுகம் போய்ச் சேர்ந்தால், அந்தப் பருவம் முழுக்கக் கரையில் வேலை செய்துவிட்டு மே மாதம் மறுபடி பாய் விரிக்கலாம். அதே அக்டோபர், நவம்பரில் பசிபிக்கைக் கடந்த படகுகளும் வரிசையாக வந்து சேரும். ஒவ்வொன்றிலும் ஒரு பழுதுப் பட்டியல் இருக்கும்.

ஏதாவது ஒரு பட்டறையில் ஆளாகச் சேர்வதுதான் முதல் பருவத்துக்கு நல்லது. தனியாகச் செய்வதானால் ஏபிஎன் என்ற ஆஸ்திரேலியத் தொழில் எண் எடுக்க வேண்டும். இந்த விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி, அதைக் கழித்துவிட்டுத்தான் உன் கூலியைக் கணக்குப் போட வேண்டும். 240 வோல்ட் மின்சாரத்தையும் அடுப்பு கேஸ் லைனையும் தொடவே தொடாதே. இரண்டுக்கும் உரிமம் வேண்டும். 12 வோல்ட், பைபர் (கண்ணாடி இழை), டீசல், ரிக்கிங் (பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள்) ஆகியவற்றிலேயே வேண்டிய அளவு வேலை கிடைக்கும்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். எதை ஒப்புக்கொள்வது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நீ முடித்துக் கொடுத்ததை நீயே சோதித்துப் பார்க்க முடிகிற வேலையை மட்டும் எடு. வீட்டுக் குழாய் ஒழுகினால் மறுநாள் கூப்பிட்டுச் சொல்வார்கள். படகில் நீ விட்ட குறை 500 மைல் தள்ளி இரவு நேரத்தில்தான் தெரியவரும், அப்போது நீ வேறொரு துறைமுகத்தில் இருப்பாய்.

பைபர் ஓட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் நல்ல கூலி. பாறையில் மோதி 100 மில்லிமீட்டர் ஓட்டை, ஹல்லின், அதாவது படகின் உடற்சுவரின், தடிமன் 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். முதலில் சிறு சுத்தியலால் சுற்றிலும் தட்டிக்கொண்டே போ. ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்கும் இடம் நல்ல இடம். ‘பொத்’ என்று கேட்டால் அடுக்கு பிரிந்திருக்கிறது, அது முழுவதும் வெட்டப்பட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஓட்டையை மட்டும் அடைக்கிறவன்தான் கெட்ட பேர் வாங்குகிறான். கடல் நீர் ஊறியிருந்தால் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, காயும் வரை காத்திரு. அசிட்டோனால் துடைப்பது அரைப்பதற்கு முன்னால். அரைத்த பிறகு துடைத்தால் மேலே உள்ள மெழுகும் எண்ணெயும் ஏற்கெனவே கீறலுக்குள் இறங்கிப்போயிருக்கும்.

சரிவு 12-க்கு 1. 6 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுற்றிலும் 72 மில்லிமீட்டர் அகலம் சரித்து அரைக்க வேண்டும். வெளிவட்டம் 244 மில்லிமீட்டர் வரும். சொந்தக்காரர் பார்த்துவிட்டு, சின்ன ஓட்டையை இவ்வளவு பெரிதாக்கிவிட்டாயே என்று பதறுவார். அரைக்கும் முன்பே பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டிவிடு. சரிவு குறைந்தால் ஒட்டு பிடிக்கும் பரப்பு குறையும், அலை அடிக்க அடிக்க விளிம்பில் விரிசல் வரும்.

ஒட்டும் ரெசினுக்கு எப்பாக்ஸி போடு. படகு செய்த பழைய பாலியஸ்டர் ரெசின் மேல் எப்பாக்ஸி நன்றாகப் பிடிக்கும். பாலியஸ்டர் மேல் பாலியஸ்டர் அந்த அளவு பிடிக்காது. சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள பைஆக்சியல் (இரு திசையில் இழை ஓடும்) கண்ணாடி இழைத் துணி, கையால் போட்டால் ஓர் அடுக்கு முக்கால் மில்லிமீட்டர் வரும். ஆக 8 அடுக்கு. இந்த ஓட்டைக்குத் துணி சுமார் 120 கிராம், ரெசினும் ஏறக்குறைய அதே எடை, விரயத்தோடு 200 கிராம் என்று கணக்கு வை. சாதாரண மேட் துணியை (துண்டு இழைகளைப் பசையால் பிடித்தது) எப்பாக்ஸியோடு போடாதே. அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவது, எப்பாக்ஸியில் கரையாது. துணி விறைத்துக்கொண்டு மூலையில் படியவே படியாது.

பெரிய வட்டத்தை முதலில் ஒட்டி, படிப்படியாகச் சின்னதுக்கு வா. தலைகீழாகச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் பெரியது அடியில் இருந்தால் அரைத்த பரப்பு முழுவதையும் ஒரே துணி பிடித்துக்கொள்ளும். எட்டையும் ஒரே மூச்சில் போடாதே, சூடேறிப் புகையும். நான்கு போட்டு, விரல் வைத்தால் ஒட்டும் பதத்துக்கு வந்ததும் மீதி நான்கு. வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினுக்கு 206 ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) 5-க்கு 1, குவளையில் 22 டிகிரியில் 20, 25 நிமிடம் தாங்கும். வெயில் நாட்டில் 209 வாங்கு, அது 3-க்கு 1, அதே சூட்டில் 40, 50 நிமிடம் கொடுக்கும். பண்டபெர்க்கின் டிசம்பர் வெயிலில் இதெல்லாம் பாதியாகக் குறையும். கலக்கியதும் குவளையிலேயே வைக்காமல் அகலத் தட்டில் ஊற்று. விகிதத்தைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்து ஹார்டனரை ஏற்றாதே. அது ரப்பராகவே நிற்கும், முழுவதையும் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. பிற்பகல் மூன்றுக்கு மேல் புது அடுக்கு ஆரம்பிக்காதே, பனி இறங்கினால் மேற்பரப்பு வெளுத்துப் பிசுபிசுக்கும்.

மறுநாள் அந்தப் பிசுபிசுப்பைத் தண்ணீராலும் பச்சை ஸ்க்ரப்பராலும் கழுவிவிட்டுத்தான் சாண்ட்பேப்பர் பிடிக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அது உள்ளேயே அமர்ந்து, பெயின்ட் பாளம் பாளமாக உரியும். கடைசி அடுக்கின் மேல் பீல் பிளை என்ற, இறுகியபின் உரித்தெடுக்கும் துணி விரித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. முழு வலு வர ஒரு வாரம் கொடு. நாளைக்கே இறக்க வேண்டும் என்று சொல்கிறவரின் வேலையை எடுக்காதே.

உன் கைகளைப் பற்றி. எப்பாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்துவிட்டால், அதோடு இந்தத் தொழில் முடிந்தது. பிறகு அந்த வாசனையே ஆகாது. நைட்ரைல் கையுறை இல்லாமல் டப்பாவைக்கூடத் திறக்காதே. தோலில் பட்டால் அசிட்டோன் வேண்டாம், அது ரெசினைக் கரைத்துத் தோலுக்குள் அனுப்பும். உடனே துடைத்து சோப்புப் போட்டுக் கழுவு. அடிப்பாகத்துப் பழைய பெயின்ட்டில் செம்பு இருக்கும், முகமூடி இல்லாமல் தேய்க்காதே. இதில் மட்டும் அப்பா சொல்வதை அப்படியே கேள்.

டீசல் வேலையில் அடிக்கடி வருவது ஒன்று. எஞ்சின் பிடிக்கும், நாலைந்து நிமிடம் ஓடும், தானாக நின்றுவிடும். பம்பைக் கழற்று, இன்ஜெக்டரை மாற்று என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நீ 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாயால் நேராக லிஃப்ட் பம்புக்கு (டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்பு) கொடு. நன்றாக ஓடினால் எஞ்சின்மேல் பழி இல்லை. டேங்க்கின் உறிஞ்சு குழாயில் அழுக்கு, டேங்க்கின் காற்றுக்குழாய் அடைப்பு, முதல் ஃபில்டர் மூடியின் ஓ-ரிங், செம்பு வாஷர், இவற்றில் ஒன்றுதான். அந்தக் குழாயில் குமிழி ஓடினால் காற்று எங்கே நுழைகிறது என்று பின்னோக்கித் தேடிப் போ.

டீசல் குழாய்களில் சிக்கிய ஏரை எடுக்கும்போது வரிசை முக்கியம்: முதல் ஃபில்டர், எஞ்சின் ஃபில்டர், இன்ஜெக்ஷன் பம்பு, கடைசியாக இன்ஜெக்டர் நட்டு. அப்போது நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால், குளிர்விக்கும் கடல் நீர் வால்வை மூடிவிடு. எஞ்சின் ஓடாதபோது புகையின் அழுத்தம் இருக்காது, பம்பு தள்ளும் தண்ணீர் சைலென்சரில் நிரம்பி, எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் ஏறும். ஃபில்டர் மாற்றப் போய் எஞ்சினையே உடைப்பது இப்படித்தான். வால்வு மூடியிருப்பதை மறந்துவிடாதே. எஞ்சின் பிடித்த உடனே திற, இல்லாவிட்டால் தண்ணீர் பம்பின் இறகுச் சக்கரமான இம்பெல்லர் வறண்டு பிய்ந்துவிடும். பிய்ந்த இறகு ஒன்று குறைந்தாலும், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் தேடி எடுக்காமல் மூடாதே.

மின்சாரத்தில் ஒரே ஓர் உதாரணம் போதும். ஃபிரிட்ஜ் ஓடி ஓடி நிற்கிறது, புதிது வாங்கப் போகிறேன் என்பார் ஒருவர். ஃபிரிட்ஜ் ஓடும்போதே மல்ட்டிமீட்டரால் பேட்டரியில் அள, பிறகு கம்ப்ரெசர் முனையில் அள. அங்கே 12.6, இங்கே 11.4 என்றால் 1.2 வோல்ட் வழியில் தொலைகிறது. கம்ப்ரெசர் கெட்டிருக்காது, வோல்ட் அளவுக்கு மேல் குறையும்போது தானாக நிறுத்திக்கொள்கிறது. ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கத்திலும் மீட்டரை வைத்துக்கொண்டே போ. பெரும்பாலும் பச்சை பூத்த ஒரு லக்கில் (கம்பியின் முனைக் கவ்வி) வந்து நிற்பாய். ஈயம் பூசிய செம்புக் கம்பி, சரியான கிரிம்ப், பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க், அவ்வளவுதான். கண்டுபிடித்ததற்குத் தனிக் கூலி கேள், கூச்சப்படாதே. புது ஃபிரிட்ஜின் விலையை மிச்சப்படுத்தியிருக்கிறாய்.

ரிக்கிங்கில் பார்த்துச் சொல்வது வரை ஒப்புக்கொள். 1×19 (19 இழை முறுக்கிய) கம்பியின் கீழ்முனையை அழுத்திப் பொருத்திய ஸ்வேஜில்தான் உப்புத் தண்ணீர் தங்கும். துரு வழிந்த கோடு, நீளவாக்கில் மயிரிழை விரிசல், இவற்றை லென்ஸ் வைத்துப் பார். கம்பியை மெல்லிய காகிதத்தால் உருவினால், அறுந்த ஓர் இழை இருந்தாலும் காகிதத்தைப் பிடித்து இழுக்கும். ஓர் இழை அறுந்திருந்தாலே அந்தக் கம்பி முடிந்தது. 10 வருடம் தாண்டிய ரிக்கிங் கண்ணுக்கு நன்றாக இருந்தாலும் அதற்கு நற்சான்று கொடுக்காதே, வயதை எழுதிக் கொடு. அடுத்தவர் படகின் பாய்மரத்தில் ஏறினால் இரண்டு கயிறு, இரண்டாவது வேறு கப்பியிலிருந்து வரட்டும்.

கூலி பேசுவதில் அம்மாவுக்கு உள்ள சாமர்த்தியம் எனக்கு இல்லை. அவள் சொன்னதை எழுதுகிறேன். சாமான் பணத்தை முன்னாலேயே வாங்கிவிடு, உன் காசைப் போட்டு ரெசின் வாங்காதே. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த வேலைக்கு மொத்தமாகப் பேசு, தெரியாததற்கு மணிக்கணக்கு. பழைய படகில் துருப்பிடித்த ஒரு போல்ட் அரைநாளைத் தின்றுவிடும், அது யார் தலையில் விழும் என்று முதலிலேயே பேசி, தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கழற்றும் முன் படம் எடு, மூடும் முன் படம் எடு.

ரெசினும் ஹார்டனரும் இங்கிருந்து விமானத்தில் அனுப்பினால் ஆபத்தான சரக்கு என்று தடுப்பார்கள், அங்கேயே வாங்கிக்கொள். கிரிம்ப் கருவி, செம்பு வாஷர்கள், ஓ-ரிங் பெட்டி, ரிக்கிங் கம்பிக்கான 7, 8 மில்லிமீட்டர் ஸ்டா-லாக் முனைகள் ஆகியவற்றை இங்கே லூமுட்டிலிருந்து அனுப்ப முடியும். உன் படகின் ஃபோர்ஸ்டே (பாய்மரத்தை முன்பக்கம் பிடிக்கும் கம்பி) எத்தனை மில்லிமீட்டர், அடியில் உள்ள பின்னின் விட்டம் எவ்வளவு என்று வெர்னியரில் அளந்து எழுது. பார்சலைக் கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா