சிறைப் பெற்றோர் உதவிக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. பனிப்புயல் வந்ததால் ஜனவரிக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஜெயிலுக்குப் போய்விட்டாலே பிள்ளையைக் கோர்ட் பிடுங்கிவிடுமா?" எங்கள் மிச்சிகன் மாநிலச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சிறைவாசத்தை வைத்துப் பெற்றோர் உரிமையை நீக்கும் பிரிவுக்கு மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும். பெற்றவர் உள்ளே இருப்பதால் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் இயல்பான வீடு இல்லாமல் போக வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர் தக்க ஏற்பாடு செய்யாதிருக்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் செய்வார் என்று எதிர்பார்க்கவும் வழி இருக்கக் கூடாது. ஏற்பாடு என்றால் தானே சோறு ஊட்ட வேண்டும் என்று பொருளில்லை. பாட்டியிடமோ அத்தையிடமோ பிள்ளையை விட்டிருந்தால் அதுவும் ஏற்பாடுதான் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2010இல் மேசன் வழக்கில் சொல்லிவிட்டது. சிறையில் இருந்த தந்தை தொலைபேசி வழியாக விசாரணையில் கலந்துகொள்ள வாய்ப்புத் தராததும் அந்த வழக்கில் பெரிய குறையாகப் பார்க்கப்பட்டது.

சட்டம் இப்படி இருந்தும் பிள்ளைகள் ஏன் கை நழுவிப் போகிறார்கள்? நான் பார்த்தவரை கடிகாரம்தான் காரணம். 1997இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, கடைசி 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்துவிட்டால், உரிமை நீக்க மனுவை மாநிலம் தாக்கல் செய்தாக வேண்டும். பிள்ளை உறவினர் வீட்டில் இருந்தால் விலக்குத் தரலாம். மனு போடாமலிருக்க வலுவான காரணம் கோப்பில் எழுதியிருந்தாலும் தரலாம். தண்டனைக் காலம் 15 மாதத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரும் கொள்ளையடித்தவரும் இந்தக் கடிகாரத்தில் ஒன்றுதான்.

அப்புறம், எங்கள் தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். மார்ச்சில் ஒரு தந்தைக்கு அவருடைய ஏழு வயது மகள் வரைந்த படத்தை அனுப்பினோம். மீன் ஒன்று, செதில் முழுக்க ஜிகினா. இரண்டு வாரம் கழித்து உறை திரும்பி வந்தது. ஜிகினா, ஸ்டிக்கர் ஒட்டிய தாள்களைச் சிறைக்குள் விட மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான், அவசரத்தில் கவனிக்கவில்லை. குழந்தை சாதாரண பென்சிலில் மறுபடி வரைந்தாள். அதை அனுப்பும்போது நானே கைதி எண்ணை எழுத மறந்தேன். அதுவும் திரும்பியது. ஆக, ஒரு மீன் அப்பாவிடம் போய்ச் சேர ஐந்து வாரம்.

அதிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். எந்தத் தேதியில் என்ன அனுப்பினோம், எது திரும்பியது, அவர் பதில் எப்போது வந்தது, கேஸ் ஒர்க்கருக்கு (பிள்ளையின் வழக்கைக் கவனிக்கும் சமூகப் பணியாளர்) எத்தனை முறை போன் போட்டார், எடுத்தார்களா என்று வரி வரியாக. ஆகஸ்ட் விசாரணையில் "தந்தை தொடர்பே வைத்துக்கொள்ளவில்லை" என்று எதிர்த்தரப்பு சொன்னபோது, அவருடைய வழக்கறிஞர் அந்த நோட்டின் நகலைத்தான் நீட்டினார். திரும்பி வந்த இரண்டு உறைகளும் முத்திரையோடு சேர்ந்து போயின. எங்கள் கவனக்குறைவே அவருக்குச் சாட்சியானது. பிள்ளை இப்போது அத்தையின் பாதுகாவலில் இருக்கிறாள். உரிமை நீக்கப்படவில்லை.

இன்னொரு வழக்கில் அப்படி நடக்கவில்லை. அந்தத் தாய் எங்களைத் தேடி வந்தபோதே பதினான்காவது மாதம். உறவினர் யாரும் முன்வரவில்லை. உரிமையை நீக்கத் தெளிவான, நம்பத்தக்க சான்று வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இலேயே சாண்டோஸ்கி வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த அளவுச் சான்று அங்கே இருந்தது என்றே எனக்கும் பட்டது. பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் தீர்ப்பைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனாலும் கடைசிச் சந்திப்புக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம்.

நவம்பர் வாசிப்புக் கூட்டத்தில் 1981இன் லாசிட்டர் வழக்கை எடுத்துக்கொண்டோம். வட கரோலினாவில் சிறையிலிருந்து நேராக விசாரணைக்கு அழைத்து வரப்பட்ட தாய், வழக்கறிஞர் இல்லாமல் தானே குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருந்தது. கேள்வி கேள் என்றால் அவர் தன் பக்க நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார், நீதிபதி நிறுத்துகிறார். அந்த இடத்தை வாசித்தபோது யாரும் பேசவில்லை. பெற்றோர் உரிமை நீக்கும் எல்லா வழக்கிலும் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று அரசியலமைப்பு கட்டாயப்படுத்தவில்லை என 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. இன்று பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் சட்டத்தின் மூலமாகவே வழக்கறிஞரைத் தருகின்றன, எங்கள் மாநிலமும்தான். ஆனால் வழக்கறிஞர் சிறைக்கு வந்து பார்ப்பது வேறு விஷயம். விசாரணை அன்று காலையில்தான் முதல் முறை பேசினேன் என்று இந்த ஆண்டு இருவர் எங்களுக்கு எழுதினார்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலைகள். கைது ஆன முதல் மாதத்திலேயே உறவினர் பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுக்கும்படி ஒரு பக்கப் படிவம் தயாராகிறது. வழக்கறிஞர் உறுப்பினர் ஒருவர் பார்த்துத் திருத்துகிறார். இரண்டாவது, நோட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எழுத்து நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, தேதியை மறக்காதவராக இருந்தால் போதும். கைதி எண்ணை மறக்கும் என்னிடம் இனி அதை விடாதீர்கள். விருப்பமுள்ளவர்கள் இன்றைக்கே என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்