வயது வந்தோருக்கான ஆட்டிச மதிப்பீட்டுக்குப் பரிந்துரை மறுக்கப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்
குழு மருத்துவக் காப்பீட்டு உறுப்பினர்,
வேளச்சேரி, சென்னை.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், சென்னை.

பொருள்: தங்கள் பட்டியலில் உள்ள மருத்துவர் பரிந்துரைக் கடிதம் தர மறுத்ததும், அது பற்றிய புகார் விசாரணையின்றி முடித்து வைக்கப்பட்டதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தின் தணிக்கைப் பிரிவில் பணிபுரிகிறேன், வயது 38. எங்கள் நிறுவனம் ஊழியர்களுக்காகத் தங்களிடம் எடுத்துள்ள திட்டத்தில் புறநோயாளி ஆலோசனையும் அடங்கும். அதற்கென என் சம்பளத்திலிருந்தும் ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்க்க விரும்புபவர், தங்கள் பட்டியலில் உள்ள பொது மருத்துவரிடம் முதலில் பேசி, அவர் தரும் பரிந்துரைக் கடிதத்தைச் செயலியில் ஏற்ற வேண்டும் என்பது தங்கள் விதி. அந்த விதிப்படியே நடந்தேன். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டேன். அது பற்றி நான் தங்களிடம் அளித்த புகாரும் விசாரணையின்றி முடித்து வைக்கப்பட்டது.

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று நான் அந்த மருத்துவரிடம் சொல்லவில்லை. சிறுவயது முதல் எனக்குள்ள சில சிரமங்களை ஒரு தாளில் எழுதி, ஏ.க்யூ.-10 என்னும் பத்துக் கேள்வி வினாத்தாளையும் நிரப்பி இணைத்து, முறையான மதிப்பீட்டுக்கு அனுப்புமாறு மட்டுமே கேட்டேன். அந்த வினாத்தாள் நோயைக் கண்டறிவதற்கானது அன்று, ஒருவரை மேல்மதிப்பீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்வதற்கானது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, ஆறும் அதற்கு மேலும் மதிப்பெண் பெற்றவர்களை முழு மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. மருத்துவர் அந்தத் தாள்களைத் திறந்து பார்க்கவே இல்லை. “நன்றாகப் படித்திருக்கிறீர்கள், திருமணமாகிவிட்டது, கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்கள், இது குழந்தைகளுக்கு வருவது” என்று கூறி உரையாடலை முடித்துக்கொண்டார். அது காணொளி ஆலோசனை. நான் பார்த்துக்கொண்டிருந்தது கைப்பேசியின் கேமராவை. அதிலிருந்து என் கண் தொடர்பை அவர் எப்படி அளந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மருத்துவர் சொன்ன காரணங்கள் மருத்துவ வகைப்பாட்டுடனேயே பொருந்தவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட வகைப்பாட்டுக் கையேடான டி.எஸ்.எம்.-5, அறிகுறிகள் வளர்ச்சியின் தொடக்கப் பருவத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்கிறதே தவிர, அப்போதே கண்டறியப்பட்டிருக்க வேண்டும் என்று கூறவில்லை. சமூகச் சூழலின் தேவைகள் ஒருவரின் திறனை மிஞ்சும் வரை அவை முழுமையாக வெளிப்படாமல் போகலாம் என்றும், கற்றுக்கொண்ட உத்திகளால் பின்னாளில் மறைந்திருக்கலாம் என்றும் அதுவே சொல்கிறது. பேச்சில் தாமதமில்லாத குழந்தைகளைப் பற்றிய ஆஸ்பெர்கர் என்ற, ஆட்டிசம் சார்ந்த பிரிவு அந்த வகைப்பாட்டில் சேர்ந்ததே 1994-ல்தான். அந்த ஆண்டுகளில் பள்ளியில் படித்த, முதல் மதிப்பெண் வாங்கிய, வகுப்பில் வாய் திறக்காத பெண்பிள்ளையை யாரும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்க மாட்டார்கள். “அடக்கமான பொண்ணு” என்று பாராட்டியிருப்பார்கள். என்னையும் அப்படித்தான் பாராட்டினார்கள்.

பின்னர் தங்கள் உதவி எண்ணை அழைத்தபோது, எதிர்முனையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “குழந்தைக்கு என்ன வயசு மேடம்?” என்பது. எனக்காகத்தான் என்றதும், செயலியில் குழந்தை வளர்ச்சி மையங்கள் உள்ள பகுதிக்குப் போகச் சொன்னார். அங்கே என் பிறந்த தேதியைப் பதிந்தால் தகுதியில்லை என்று வருகிறது. மறுபடி அழைத்தபோது மன அழுத்தத்துக்கான ஆலோசகரிடம் நேரம் ஒதுக்கினார்கள். அந்த ஆலோசகர் கனிவாகவே பேசினார், ஆனால் ஆட்டிச மதிப்பீடு தன் பணி அன்று என்றும், அதற்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றும் சொல்லி, தொடங்கிய இடத்திலேயே என்னை விட்டார். இறுதியாக ஒருவர் அரசு மருத்துவமனையில் முயலுமாறு சொன்னார். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள தேசிய நிறுவனமும் எனக்குத் தெரியும். அவற்றின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அங்கே போகச் சொல்வதற்கு மாதந்தோறும் பணம் பிடிக்கத் தேவையில்லை.

இதில் தாமதம் எனக்கு ஏன் கவலை தருகிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வயது வந்த ஒருவரை மதிப்பிடும்போது, அவருடைய குழந்தைப் பருவத்தை நேரில் அறிந்த ஒருவரிடம் விரிவாகக் கேட்பது வழக்கம்: எப்போது பேசத் தொடங்கினார், எப்படி விளையாடினார், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டார் என்பன போன்றவை. என் தந்தை காலமாகிவிட்டார். இவற்றைச் சொல்லக்கூடியவர் கும்பகோணத்தில் இருக்கும் என் தாயார் மட்டுமே. அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது, ஞாபகமும் முன்போல் இல்லை. தங்கள் அலுவலகத்தில் ஒரு புகார் மூடப்படுவதும் திறக்கப்படுவதுமாக மாதங்கள் கழிவது எனக்கு வெறும் அலைச்சல் அன்று.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் அட்டவணையில் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது. அதில் வயது வரம்பு ஏதும் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 21(4) பிரிவு, உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்று காப்பீட்டாளர்களைப் பணிக்கிறது. ஆட்டிசத்தை மனநோய் என்று நான் கருதவில்லை. ஆயினும் அதை மதிப்பிடுபவர்கள் மனநல மருத்துவர்களும் மருத்துவ உளவியலாளர்களும்தான். அவர்களுடைய ஆலோசனை உண்டு என்று தங்கள் திட்டக் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். நெஞ்சுவலி என்று வருபவரிடம், “உங்களுக்கு இதயநோய் இருக்காது” என்று காணொளியில் சொல்லி, இதய மருத்துவரிடம் அனுப்ப மறுக்கும் பொது மருத்துவரைத் தாங்கள் பட்டியலில் வைத்திருப்பீர்களா?

ஆகவே, வயது வந்தோரை மதிப்பிட்டுப் பழகிய மனநல மருத்துவரிடமோ, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ எனக்குப் பரிந்துரை வழங்கப்பட வேண்டும். தங்கள் பட்டியலில் அத்தகையவர் இல்லையெனில் அதை எழுத்தில் தெரிவித்து, வெளியில் நான் செய்யும் மதிப்பீட்டின் செலவைத் திருப்பித் தர ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் மருத்துவர் பரிந்துரையை மறுத்ததற்கான காரணத்தை அவர் ஆலோசனைக் குறிப்பில் எழுதவில்லை. “பொதுவான அறிவுரை வழங்கப்பட்டது” என்று மட்டுமே உள்ளது. அந்தக் காரணமும் எழுத்தில் எனக்கு வேண்டும். செயலியில் உள்ள வயதுத் தடையும் உதவி எண்ணில் கேட்கப்படும் அந்த முதல் கேள்வியும் திருத்தப்பட வேண்டும். எனக்கு முன்பும் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டதும் பேசாமல் இணைப்பைத் துண்டித்திருக்கக்கூடும்.

தொலைபேசியில் பேசுவது எனக்கு எளிதன்று என்பதால், பதிலை மின்னஞ்சலிலேயே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் இக்கடிதத்தின் நகலுடன் முறையிடுவேன்.

இணைப்பு: ஆலோசனைக் குறிப்பு, வினாத்தாள், மூடப்பட்ட புகாரின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காப்பீட்டு உறுப்பினர்