ஜப்பான் புத்தாண்டுக்குப் புறப்படுவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆண்டிறுதி விடுமுறையில் ஜப்பான் செல்வோர் பலர் டிசம்பர் 31 இரவு வாணவேடிக்கையும் வீதிக் கொண்டாட்டமும் இருக்கும் என்று எண்ணுகிறார்கள். அங்கே புத்தாண்டு வீட்டுப் பண்டிகை. நம் போகி, பொங்கல் போலத்தான்: ஒட்டடை அடித்து வீட்டைக் கழுவி, சொந்த ஊருக்குப் போய்க் குடும்பத்தோடு சாப்பிட்டு, கோயிலுக்குப் போவார்கள். நள்ளிரவில் கேட்பது பௌத்தக் கோயில்களின் 108 மணியோசை.

டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை அரசு அலுவலகங்கள் இயங்காது. அருங்காட்சியகங்கள், சிறு உணவகங்கள் பலவும் மூடியிருக்கும். பயண நிறுவனங்கள் எந்த இடம் எந்த நாளில் திறந்திருக்கும் என்பதைப் பணம் வாங்குமுன்பே எழுதித் தரவேண்டும், கேட்டு வாங்குங்கள். நொசொமி என்ற ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் அந்த நாட்களில் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது. பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு முன்பதிவு தொடங்கும்.

சைவர்கள் ஏமாறுவது குழம்பில்தான். ஆண்டிறுதி இரவில் உண்ணும் சோபா நூடுல்ஸில் இறைச்சி கண்ணில் படாது. ஆனால் அதன் சாறு பெரும்பாலும் ‘கட்சுஓபுஷி’ என்ற காய்ந்த சூரை மீன் சீவலில் இறக்கியது. “இறைச்சி உண்டா?” என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். “கட்சுஓபுஷி உண்டா?” என்று கேளுங்கள். பௌத்த மடங்களின் ‘ஷோஜின் ரியோரி’ சாப்பாட்டில் கடற்பாசியும் காளானும் போட்டுச் சாறு எடுப்பார்கள், அதை நம்பலாம். புத்தாண்டு சூப்பில் வரும் ‘மொச்சி’ என்ற அரிசிப் பிசின் கட்டி தொண்டையில் அடைத்து ஆண்டுதோறும் முதியவர்கள் இறக்கிறார்கள். பொடியாக நறுக்கி, நன்றாக மென்ற பிறகே விழுங்கவேண்டும்.

குளிரைப் பொறுத்தவரை டோக்கியோவும் வடக்கே உள்ள சப்போரோவும் ஒன்றல்ல. சைபீரியக் காற்று ஜப்பான் கடலில் ஈரம் வாங்கி மேற்குக் கரையில் பனியாகக் கொட்டிவிடும். மலை தாண்டி டோக்கியோவுக்கு வருவது வறண்ட காற்று. அங்கே உதடும் தோலும் வெடிக்கும், வாசலின் கட்டாயம். பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி உடலைச் சில்லிட வைக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை போடுங்கள். ரயிலுக்குள் வெப்பம் அதிகம் என்பதால் தடித்த ஒரே கோட்டைவிடக் கழற்றி மாட்ட வசதியான மூன்று அடுக்குகள் மேல். கடைகளில் விற்கும் ‘கைரோ’ சூட்டுப் பொட்டலத்தை உடையின் மேல்தான் ஒட்டவேண்டும். தோலில் ஒட்டிக்கொண்டு தூங்கினால், சூடு குறைவாகத் தெரிந்தாலும் கொப்புளம் கிளம்பிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்